மூன்று சந்திப்பு, ஆறு கடிதம் - ஒரு சின்னச் சிகிச்சையின் கதை

தற்கொலை பற்றி எழுதினால் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைத்தான் எழுதுகிறார்கள். ஒன்று, ஏன் செய்துகொள்கிறார்கள் என்பது. இன்னொன்று, எப்படித் தடுப்பது என்பது. நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. முயற்சி செய்து, பிழைத்து, ஆஸ்பத்திரியில் கண் விழித்தவர்கள். அவர்களுக்கு மறுநாள் காலை என்ன நடக்கிறது? அடுத்த வாரம்? ஆறு மாதம் கழித்து? உளவியல் பாடத்துக்காகப் படிக்க ஆரம்பித்து, பாடத்தை விட்டு ரொம்ப தூரம் போய்விட்டேன். படித்ததில் மனதில் நின்றதை இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு நல்ல செய்தி. ஒருமுறை முயன்று பிழைத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிற்காலத்தில் தற்கொலையால் இறப்பதில்லை. பல நாடுகளில் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் இதைத்தான் சொல்கின்றன. "ஒருதடவை பண்ணினவன் மறுபடி பண்ணாம விடமாட்டான்" என்று தெருவில் பேசுவது தப்பு. ஆனால் மீதி அந்த ஒரு பங்கை அலட்சியம் செய்ய முடியாது. முயற்சிக்குப் பிந்தைய முதல் சில வாரங்களும் மாதங்களும்தான் மிக ஆபத்தான காலம். அதாவது, உடம்பு தேறிவிட்டது என்று டிஸ்சார்ஜ் எழுதிக் கொடுத்து அனுப்பி வைக்கிற அதே காலம்!

பல காலம் இவர்களுக்குக் கிடைத்தது சிகிச்சை இல்லை, வழக்கு. இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி 1961 வரை குற்றம். அவர்கள் நமக்கு விட்டுப்போன இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் இங்கே உயிரோடு இருந்தது. இலங்கை 1998-லேயே இந்தக் குற்றத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. இந்தியாவில் 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்து, 2018 மே மாதம் அமலுக்கு வந்த பிறகுதான், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக்கூடாது என்றானது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 309-க்கு இணையான பிரிவு இல்லை. (அரசு ஊழியரை ஒரு காரியம் செய்ய விடாமலோ, செய்ய வைக்கவோ மிரட்டுவதற்காக முயன்றால் மட்டும் குற்றம் என்று ஒரு வாலை விட்டு வைத்திருக்கிறார்கள்.)

சட்டக் கதையை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், வழக்குக்குப் பயந்த குடும்பம் ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லாது. தவறுதலாக நடந்துவிட்டது, மயக்கம் போட்டு விழுந்துவிட்டாள் என்று ஏதாவது சொல்லும். கேஸ் ஷீட்டில் எம்.எல்.சி. என்று எழுதாமல் இருக்கத்தான் முதல் கவலை. உண்மையே சொல்லப்படாத இடத்தில் மனசுக்கு வைத்தியம் எங்கிருந்து நடக்கும்?

சரி, வைத்தியத்துக்கு வருவோம். கதை சான் பிரான்சிஸ்கோவில் ஆரம்பிக்கிறது.

ஜெரோம் மோட்டோ என்று ஒரு மனநல மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் அமெரிக்க ராணுவத்துக்கு லாரி ஓட்டியவர். அப்போது ஊரிலிருந்து, அதிகம் பழக்கமில்லாத ஒரு பெண் அவருக்குக் கடிதங்கள் எழுதினாளாம். பதிலுக்கு எதையும் எதிர்பார்க்காத கடிதங்கள். அது தனக்கு எவ்வளவு தெம்பு கொடுத்தது என்பதை அவர் மறக்கவில்லை. பின்னாளில் டாக்டர் ஆனபோது அவர் கண்ணில் பட்ட பிரச்சினை இதுதான்: மனச்சோர்விலோ தற்கொலை எண்ணத்திலோ ஆஸ்பத்திரியில் சேர்ந்து வெளியே போகிறவர்களில் நிறையப் பேர் தொடர் சிகிச்சைக்கு வருவதே இல்லை. வரச் சொன்னால் மாட்டேன் என்கிறார்கள். வராதவருக்கு எப்படி வைத்தியம் பார்ப்பது?

1969-ல் ஆரம்பித்து 1974 வரை அவர் குழு 3,005 பேரைச் சேர்த்தது. டிஸ்சார்ஜ் ஆகி ஒரு மாதம் கழித்து விசாரித்ததில் சிகிச்சை வேண்டாம் என்றோ, பாதியில் விட்டுவிட்டோ இருந்தவர்கள் 843 பேர். இவர்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். 389 பேருக்குக் கடிதம் போகும். 454 பேருக்கு எதுவும் போகாது.

கடிதம் என்றால் பெரிய உபதேசம் எல்லாம் இல்லை. ஆஸ்பத்திரியில் அவரைப் பேட்டி கண்ட அதே ஊழியர் கையெழுத்துப் போட்ட இரண்டு வரி. நீங்கள் இங்கே வந்து போய் நாளாயிற்று, நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள், சந்தோஷப்படுவோம், அவ்வளவுதான். "ஓ.பி.க்கு வாருங்கள்" கிடையாது. "மாத்திரை சாப்பிடுகிறீர்களா" கிடையாது. அச்சடித்த சுற்றறிக்கை மாதிரி இருக்கக்கூடாது என்று ஒவ்வொன்றையும் தனியாகத் தட்டச்சு செய்தார்கள். ஒரே ஆளுக்கு ஒரே வாசகம் இரண்டு தடவை போகாது. யாராவது பதில் போட்டால், அந்தப் பதிலில் இருப்பதைத் தொட்டு அடுத்த கடிதம் போகும். முதல் நான்கு மாதம் மாதம் ஒன்று, அடுத்த எட்டு மாதம் இரண்டு மாதத்துக்கு ஒன்று, பிறகு நான்கு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒன்று. கூட்டிப் பாருங்கள், ஐந்து வருஷத்தில் 24 கடிதம்.

முடிவு? முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெறாதவர்களில் 3.52 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தார்கள். பெற்றவர்களில் 1.8 சதவீதம். கிட்டத்தட்ட பாதி. அதற்குப் பிறகு கடிதங்கள் தேயத் தேய வித்தியாசமும் தேய்ந்தது. 1976-ல் முதல் அறிக்கை வந்தது. முழுக் கணக்கை மோட்டோவும் புள்ளியியல் வல்லுநர் ஆலன் பாஸ்ட்ரமும் சேர்ந்து வெளியிட்டது 2001-ல். கால் நூற்றாண்டு! மோட்டோ 2015-ல் காலமானார்.

எனக்கு இதில் பிடித்தது எண்ணைவிட அந்தக் கடிதத்தின் குணம். நம் ஊரில் ஒருவர் இப்படிப் பிழைத்து வந்தால், விசாரிக்க வருகிறவர்கள் எல்லாரும் ஏதாவது ஒன்றைக் கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். "அம்மாவை நெனைச்சியா?", "இனிமே பண்ணமாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு." அமெரிக்காவிலும் இதற்கு ஒரு வடிவம் இருந்தது தெரியுமோ? 1970களிலிருந்து நோயாளியிடம் "தற்கொலை செய்துகொள்ள மாட்டேன்" என்று ஒப்பந்தம் மாதிரி எழுதி வாங்குவது அங்கே வெகுவாகப் பரவியிருந்தது. கையெழுத்துக்கூட உண்டு. அதனால் உயிர் காப்பாற்றப்பட்டது என்பதற்குச் சரியான ஆதாரம் ஒன்றும் தேறவில்லை. டாக்டருக்கு நிம்மதி தந்திருக்கும், அவ்வளவே. மோட்டோவின் கடிதம் எதையும் கேட்கவில்லை. அதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

மோட்டோவுக்குப் பிறகு ரொம்ப நாள் பெரிதாக ஒன்றும் நகரவில்லை. 2000-ஐ ஒட்டித்தான் வரிசையாக வருகிறது. மான்செஸ்டரில் எல்ஸ்பெத் கத்ரியும் கூட்டாளிகளும் 119 பேரைச் சேர்த்து, ஒரு பாதிப் பேரின் வீட்டுக்கே பயிற்சி பெற்ற நர்ஸ்களை அனுப்பி, வாரம் ஒன்றாக நான்கே அமர்வு பேச வைத்தார்கள். ஆறு மாதத்தில் மறுபடி தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டவர்கள் இந்தப் பக்கம் 9 சதவீதம், அந்தப் பக்கம் 28 (2001). ஆஸ்திரேலியாவின் நியூகாஸிலில் கிரெகரி கார்ட்டர் மோட்டோவின் யோசனையை அஞ்சலட்டைக்குச் சுருக்கினார். 12 மாதத்தில் எட்டு அட்டை. மறுபடி முயன்ற ஆட்களின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை, ஆனால் மொத்த முயற்சிகள் 192-க்கு எதிராக 101 என்று பாதியானது (2005). அதே 2005-ல் பிலடெல்ஃபியாவில் கிரெகரி பிரவுனும் புகழ்பெற்ற ஆரோன் பெக்கும் பத்து அமர்வில் முடியும் அறிவாற்றல் சிகிச்சையை முயன்று, மறு முயற்சியைப் பாதியாகக் குறைத்துக் காட்டினார்கள்.

இப்போது பெர்ன். சுவிட்சர்லாந்தின் தலைநகரம். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

அங்கே கொன்ராட் மிகேல் என்ற மனநல மருத்துவர் ஒரு சங்கடமான விஷயத்தைக் கவனித்து வந்தார். முயன்று பிழைத்தவர்களிடம் பேசினால், டாக்டர்களும் நோயாளியும் இரண்டு வேறு வேறு கதைகள் வைத்திருக்கிறார்கள். டாக்டர் "மனச்சோர்வு, இந்தப் பிரிவு, இந்த மருந்து" என்கிறார். நோயாளிக்கோ அது ஒரு நோயாகவே தெரிவதில்லை. தன் வாழ்க்கையில் நடந்த ஏதோ ஒன்றின் கடைசி அத்தியாயமாகத் தெரிகிறது. அதை முழுசாகச் சொல்ல யாரும் இடம் கொடுப்பதில்லை. பிறகு எப்படி அவர் மறுபடி வருவார்? 2000-ல், தூன் ஏரிக்கு மேலே இருக்கும் ஏஷி என்ற கிராமத்தில் மிகேலும் அமெரிக்கர் டேவிட் ஜோப்ஸ் முதலிய சிலரும் கூடினார்கள். "ஏஷி குழு" என்று பெயர் வந்துவிட்டது. அவர்கள் சொன்னதன் சாரம்: தற்கொலை முயற்சிக்கு ஒரு கதை இருக்கிறது, அந்தக் கதையில் நிபுணர் டாக்டர் அல்ல, நோயாளிதான்.

கேட்க எளிமையாக இருக்கிறது. இதை ஒரு சிகிச்சையாக்கியது மிகேலும் உளவியலாளர் அன்யா கீசின்-மயாரும். பெயர் அஸிப். மொத்தம் மூன்று சந்திப்பு.

முதல் சந்திப்பில் ஒரே ஒரு வேலை. முயற்சி வரை எப்படி வந்தது என்று அவர் சொல்ல வேண்டும், இவர் கேட்க வேண்டும். நடுவில் குறுக்கிடாமல், கேள்வித்தாளை நீட்டாமல். ஒரு மணி நேரம், சிலசமயம் அதற்கு மேலும். அவர் அனுமதியோடு இது வீடியோவில் பதிவாகிறது.

இரண்டாவது சந்திப்பில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்க்கிறார்கள். எதிரெதிரே இல்லை, பக்கத்தில்! படித்தபோது இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டு யோசித்தேன். அந்த நேரத்தில் மனுஷன் தன்னை மறந்து, உணர்ச்சி மரத்து, ஒரு குழாய்க்குள் போவது மாதிரி போய்விடுகிறான் என்று பிழைத்தவர்கள் பலரும் சொல்கிறார்கள். இப்போது பத்திரமான ஓர் அறையில், ஆபத்து இல்லாத தூரத்திலிருந்து, தன் வாயால் தானே சொல்வதை அவரே பார்க்கிறார். அங்கங்கே நிறுத்தி, இந்த இடத்தில் என்ன நடந்தது, இங்கே வேறு என்ன செய்திருக்கலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். எந்தப் புள்ளியில் வண்டி தடம் மாறியது என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். வீட்டுக்குப் போகும்போது படிக்க ஒரு தாளும் கொடுக்கிறார்கள், எழுதிக்கொண்டு வரச் சொல்லி.

மூன்றாவதில், அவர் கதையின் சுருக்கம், அவருக்கே உரிய ஆபத்து அறிகுறிகள், அது வரும்போது வரிசையாகச் செய்ய வேண்டியவை, கூப்பிட வேண்டிய எண்கள், எல்லாவற்றையும் இருவருமாகச் சேர்ந்து எழுதி முடிக்கிறார்கள். பர்ஸில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு மடிக்கிற ஒரு சின்ன அட்டையும் உண்டு. பிறகு கடிதங்கள். முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாவது வருஷம் ஆறு மாதத்துக்கு ஒன்று. ஆக ஆறு. மோட்டோ இங்கே மறுபடி வருகிறார் பாருங்கள்.

120 பேரைக் கொண்டு செய்த சோதனையின் முடிவு 2016-ல் வெளிவந்தது. இந்தப் பக்கம் 60, அந்தப் பக்கம் 60. இரண்டு வருஷத்தில் ஒப்பீட்டுக் குழுவில் 41 மறு முயற்சிகள். அஸிப் குழுவில் 5. ஆஸ்பத்திரியில் படுத்த நாட்களும் வெகுவாகக் குறைந்தன. இரண்டு குழுவிலும் தலா ஒருவர் தற்கொலையால் இறந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 120 பேரை வைத்துக்கொண்டு மரணங்களைப் பற்றி எதுவும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

எண்ணைப் பார்த்து நானும் கொஞ்சம் மிரண்டேன். ஆனால் ஒரே ஆஸ்பத்திரி, சிகிச்சையை உருவாக்கியவர்களே சிகிச்சை கொடுத்தவர்கள், என்று பார்க்கும்போது எச்சரிக்கை தேவை. ஃபின்லாந்தின் ஹெல்சின்கியில் 239 பேரை வைத்து அஸிப்பை வழக்கமான நெருக்கடி ஆலோசனையோடு ஒப்பிட்டபோது (2022) குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. அஸிப் தோற்றுவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹெல்சின்கியில் எதிர்ப்பக்கம் இருந்தவர்களுக்கும் உருப்படியான கவுன்சலிங் கிடைத்தது. பெர்னில் எதிர்ப்பக்கம் கிடைத்தது வழக்கமான சிகிச்சையும் ஒரே ஒரு கூடுதல் நேர்காணலும். ஒன்றுமில்லாததோடு ஒப்பிடுவதும் நல்லதோடு ஒப்பிடுவதும் ஒன்றா? அதேபோல மோட்டோவின் கடிதத்தை மின்னஞ்சலாக்கி அமெரிக்க ராணுவத்தினருக்கு அனுப்பிப் பார்த்த ஆய்விலும் (2020) தெளிவான பலன் தெரியவில்லை. தட்டச்சில் அடித்த கடிதத்துக்கும் இன்பாக்ஸில் நூற்றோடு நூற்றொன்றாக வந்து விழும் மெயிலுக்கும் உள்ள தூரம் காரணமா? இருக்கலாம்.

இதெல்லாம் பணக்கார நாட்டுச் சமாசாரம், நமக்கு எங்கே ஒத்துவரும் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் அடுத்த பகுதி.

உலக சுகாதார நிறுவனம் 2002-க்கும் 2005-க்கும் நடுவில் ஐந்து ஊர்களில் ஒரு பெரிய சோதனை நடத்தியது. பிரேசிலில் காம்பினாஸ், ஈரானில் கராஜ், சீனாவில் யுன்செங், இலங்கையில் கொழும்பு, இந்தியாவில் நம்ம சென்னை. சென்னையில் இதை முன்னின்று நடத்தியவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், 1986-ல் 'ஸ்நேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர். அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 1,867 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோடு, டிஸ்சார்ஜ் ஆகிற சமயத்தில் ஒரு மணி நேரம் தனியாக உட்கார வைத்துப் பேச்சு: தற்கொலை எண்ணம் என்றால் என்ன, அது எப்படி வந்து எப்படிப் போகும், வந்தால் என்ன செய்யலாம், எங்கே போகலாம். அதற்குப் பிறகு 18 மாதத்தில் ஒன்பது தடவை போன் அல்லது நேரில் போய்ப் பார்ப்பது. முதல் வாரம், இரண்டாவது, நான்காவது, ஏழாவது, பதினோராவது வாரம், பிறகு 4, 6, 12, 18-வது மாதம். போன் பேசுகிறவர் மனநல நிபுணராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நர்ஸ் போதும்.

2008-ல் முடிவு வெளியானது. 18 மாதத்தில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 18 பேர், 2.2 சதவீதம். பேச்சும் தொடர்பும் கிடைத்தவர்களில் 2 பேர், 0.2 சதவீதம்.

பதினெட்டுக்கு இரண்டு. விலை உயர்ந்த மருந்து இல்லை, மெஷின் இல்லை. ஒரு மணி நேரமும் ஒன்பது விசாரிப்பும்.

ஒரு வேடிக்கையும் உண்டு இதில். மறுபடி முயன்றவர்களின் விகிதம் இரண்டு குழுவிலும் ஏறக்குறைய சமம்தான். இறப்பு குறைந்திருக்கிறது, முயற்சி குறையவில்லை. நியூகாஸிலில் முயன்ற ஆட்கள் குறையாமல் முயற்சிகளின் எண்ணிக்கை மட்டும் குறைந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மாதிரி. இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட விளக்கம் இன்றைக்கும் இல்லை. ஆபத்து வரும்போது சீக்கிரம் உதவி தேடுகிறார்களா, கூட இருப்பவர்கள் விழிப்பாகிவிடுகிறார்களா, என்னவோ.

இந்தக் குடும்பத்தின் மிகச் சின்னப் பிள்ளை, பார்பரா ஸ்டான்லியும் (2023-ல் காலமானார்) மேலே சொன்ன அதே கிரெகரி பிரவுனும் உருவாக்கிய பாதுகாப்புத் திட்டம். ஒரு தாள். என் ஆபத்து அறிகுறி என்ன, தனியாக நான் என்ன செய்து நேரத்தைக் கடத்துவேன், எங்கே யாரோடு போய் இருப்பேன், யாரிடம் வாய்விட்டுச் சொல்வேன், எந்த டாக்டரை அல்லது உதவி எண்ணைக் கூப்பிடுவேன், வீட்டில் ஆபத்தானதை எப்படி அப்புறப்படுத்துவேன் - ஆறே படி. சத்தியம் வாங்குவதற்கு நேர் எதிர் இது. அங்கே "என்ன செய்யமாட்டேன்" என்று எழுதி வாங்கினார்கள், இங்கே "என்ன செய்வேன்" என்று அவரே எழுதுகிறார். அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிகளில் 1,640 பேரிடம் பார்த்ததில், இந்தத் தாளும் பின்தொடர் போன் அழைப்பும் கிடைத்தவர்களிடம் ஆறு மாதத்தில் தற்கொலை நடவடிக்கைகள் 45 சதவீதம் குறைவு (2018).

ஃபிரான்ஸ் இதை ஒரு படி மேலே கொண்டுபோய் அரசாங்க ஏற்பாடாகவே ஆக்கிவிட்டது. 2015-ல் வடக்குப் பகுதியில் 'விஜிலான்ஸ்' என்ற பெயரில் தொடங்கினார்கள். முயன்று பிழைத்து வெளியே போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு எண் எழுதிய அட்டை, பிறகு குறித்த நாளில் போன், போனில் கிடைக்காதவருக்கு அஞ்சலட்டை. பின்னர் நாடு முழுக்கப் பரப்பினார்கள்.

நம் பக்கம்? 2017 சட்டத்தின் 115-வது பிரிவுக்கு இரண்டு துண்டு உண்டு. "தண்டிக்கக்கூடாது" என்கிற முதல் துண்டைத்தான் பத்திரிகைகள் எழுதின. முயன்றவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தந்து, மறுபடி அது நேராமல் பார்ப்பது அரசாங்கத்தின் கடமை என்கிறது இரண்டாவது. டிஸ்சார்ஜ் ஆன முதல் வாரம் அந்த முதல் போனை யார் போடுவது என்று எந்த வார்டில் கேட்டால் பதில் கிடைக்கும்? சென்னையில் செய்து காட்டி இருபது வருஷம் ஆகிவிட்டது. நர்ஸ் இருக்கிறார், போன் இருக்கிறது, ஒன்பது தேதிகளும் அச்சில் இருக்கின்றன.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது, அல்லது உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது இப்போது தேவைப்பட்டால்: 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.